ஆன்டிஆக்ஸிடன்ட் வேணும்னா மாத்திரை டப்பா வாங்காதீங்க, நம்ம அடுப்படியிலயே எடுக்கறது எப்படின்னு சொல்றேன்

வாழைக்காய சீவி அப்படியே தட்டுல போட்டு வெச்சா கொஞ்ச நேரத்துல கறுத்துப் போயிடும்ல, அதுக்குத்தான் வெட்ட வெட்ட தண்ணியிலயோ மோர்த்தண்ணியிலயோ போடறோம். அதே துண்டு மேல எலுமிச்சம்பழத்த தேய்ச்சு வெச்சுப் பாருங்க, சீக்கிரம் கறுக்காது. காத்துல இருக்கற ஆக்ஸிஜன் பட்டு காய்ல நடக்கற மாற்றத்த எலுமிச்சையோட புளிப்பும் அதுல இருக்கற வைட்டமின் சியும் சேர்ந்து பிடிச்சு நிறுத்துது. ஆன்டிஆக்ஸிடன்ட்னு சொல்றது இந்த மாதிரி வேலை பாக்கற பொருளுங்களத்தான்.

இப்ப உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். சாப்பாட்ட சக்தியா மாத்தற வேலை ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியாங்கற இடத்துல நடக்குது, அதுக்கு ஆக்ஸிஜன் வேணும், அந்த வேலை நடக்கும்போதே கொஞ்சம் ஆக்ஸிஜன் அரைகுறையா மாறி ஜோடி இல்லாத ஒரு எலக்ட்ரானோட சுத்த ஆரம்பிச்சுடும், அதுக்குப் பேரு ஃப்ரீ ராடிக்கல். அது பக்கத்துல கெடைக்கற கொழுப்பு, புரதம், டிஎன்ஏன்னு எதுகிட்ட இருந்தாவது ஒரு எலக்ட்ரான பிடுங்கிடும், பறிகொடுத்தது அடுத்ததுகிட்ட பிடுங்கப் போகும், இப்படியே சங்கிலியா போயிட்டே இருக்கும். ஆன்டிஆக்ஸிடன்ட் தன்கிட்ட இருந்து ஒரு எலக்ட்ரான குடுத்து அந்த சங்கிலிய அங்கயே அறுத்துடும்.

இது அறுபடாம போனா என்ன ஆகும்னா, ரத்தத்துல இருக்கற எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ரால் ஆக்ஸிஜனேற்றம் ஆகி ரத்தக்குழாய் சுவர்ல படிய ஆரம்பிக்கும், மாரடைப்பும் பக்கவாதமும் வர்றதுக்கு அது ஒரு முக்கியமான வழி. டிஎன்ஏ அடி வாங்கிட்டே இருந்தா புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடும். கண்ணு லென்ஸ்ல இருக்கற புரதம் கெட்டா புரை விழும். சர்க்கரை நோய் இருக்கறவங்களுக்கு ரத்தத்துல சர்க்கரை ஏறி ஏறி இருக்கும்போது இந்த ஃப்ரீ ராடிக்கல் இன்னும் அதிகமா உண்டாகுது, கிட்னியும் கண்ணும் நரம்பும் கெடறதுல அதுக்கும் பங்கு இருக்கு.

ஆனா ஃப்ரீ ராடிக்கல் முழுக்க முழுக்க வில்லன் இல்லைங்க. கிருமி உள்ள வந்தா நம்ம வெள்ளை அணுக்கள் அத கொல்றதுக்கு இதே ஃப்ரீ ராடிக்கல தானே தயார் பண்ணி அது மேல விடும். உடற்பயிற்சி பண்ணும்போது கொஞ்சம் கூடுதலா உண்டாகி, அதனாலயே உடம்பு தன்ன பலப்படுத்திக்கும். அதனால நமக்கு வேண்டியது ஃப்ரீ ராடிக்கல சுத்தமா ஒழிக்கறது இல்ல, அளவுக்கு மிஞ்சாம பாத்துக்கறது. உடம்புகிட்டயே அதுக்கு சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ்னு சொந்த என்சைம்கள், அதாவது உடம்புல நடக்கற வேதி மாற்றத்த வேகமாக்கற புரதங்கள், இருக்கு, அதுங்க வேலை செய்ய துத்தநாகம், தாமிரம், மாங்கனீஸ், இரும்பு, செலினியம் எல்லாம் வேணும், அதெல்லாம் பருப்பு, சுண்டல், எள்ளு, முட்டை, மீன், சிறுதானியம்னு நாம சாப்பிடறதுல இருந்துதான் போகணும்.

மொதல்ல இந்த மாத்திரை விஷயத்த பேசிடலாம்

"ஆன்டிஆக்ஸிடன்ட் நல்லதுன்னு சொல்றீங்க, அப்ப மாத்திரையா போட்டா இன்னும் நல்லதுதானே"ன்னு கேக்கறவங்க நெறைய பேரு. எங்க தெருவுல ஒரு அக்கா மாசா மாசம் இதுக்குன்னே ஒரு தொகை எடுத்து வெக்கறாங்க, பழம் வாங்க யோசிக்கறவங்க மாத்திரைக்கு யோசிக்கறதில்ல, அத பாக்கும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. அவங்களுக்கு சொன்னதையே இங்கயும் சொல்றேன்.

ஃபின்லாந்துல 1985ல ஒரு பெரிய ஆய்வு ஆரம்பிச்சாங்க. சிகரெட் பிடிக்கற ஆம்பளைங்க 29,133 பேர், எல்லாரும் 50ல இருந்து 69 வயசுக்குள்ள, அதுல ஒரு பகுதி ஆளுங்களுக்கு தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை. கேரட்டும் கீரையும் நெறைய சாப்பிடறவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கொறவா வருதுன்னு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தது, அதனால கேரட்ல இருக்கற அந்த பொருள மாத்திரையா குடுத்தா காப்பாத்தும்னு எல்லாரும் நெனச்சாங்க. 1994ல முடிவு வெளிவந்தப்ப மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவுல சிகரெட் பிடிக்கறவங்க, பிடிச்சு விட்டவங்க, ஆஸ்பெஸ்டாஸ் தூசியில வேலை பாத்தவங்கன்னு 18,314 பேர வெச்சு பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏவும் குடுத்து பாத்த இன்னொரு ஆய்வ 1996 ஜனவரியில பாதியிலயே நிறுத்திட்டாங்க, ஏன்னா அங்கயும் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகம். அப்புறம் வைட்டமின் ஈ. 35,000க்கு மேல ஆம்பளைங்க கலந்துக்கிட்ட ஆய்வு அது, தினமும் 400 யூனிட் சாப்பிட்டவங்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுச்சுன்னு 2011ல வெளியிட்டாங்க.

ஏன் இப்படி ஆச்சு? ஒரே ஒரு பொருள எக்கச்சக்கமா உள்ள தள்ளும்போது, அதுலயும் புகையால ஏற்கனவே புண்ணாகி இருக்கற நுரையீரல்ல, அதுவே எதிர்மாறா வேலை செய்ய ஆரம்பிச்சுடுதுன்னு சொல்றாங்க. காய்கறியில வரும்போது அது தனியா வர்றதில்ல, நார்ச்சத்து, பொட்டாசியம், இன்னும் நூத்துக்கணக்கான பொருளுங்களோட கொஞ்சம் கொஞ்சமா வருது, ஒன்னுக்கொன்னு கை குடுத்துக்குது. எலக்ட்ரான குடுத்துட்டு நிக்கற வைட்டமின் ஈய மறுபடி சரி பண்ணி விடறது வைட்டமின் சிதான். காய்ல வர்ற பாலிஃபீனால்ங்கற ஆன்டிஆக்ஸிடன்ட் வகை பல சமயம் நேரடியா ஃப்ரீ ராடிக்கலோட சண்டை போடறத விட, மேல சொன்ன நம்ம சொந்த என்சைம்கள அதிகமா தயார் பண்ண வெக்குதுன்னுதான் இப்ப சொல்றாங்க. இந்தக் கூட்டு வேலையெல்லாம் ஒரு மாத்திரையில எதிர்பாக்க முடியாது.

இன்னொன்னு, சில பாக்கெட்டு மேல ஆன்டிஆக்ஸிடன்ட் அளவுன்னு ஒரு பெரிய நம்பர் போட்டிருப்பாங்க. அந்த நம்பர் டெஸ்ட் ட்யூப்ல அளந்தது, உடம்புக்குள்ள அப்படியே நடக்கும்னு அர்த்தம் இல்ல. அமெரிக்க விவசாயத்துறை அந்த மாதிரி நம்பர் பட்டியல் ஒன்னு வெச்சிருந்துட்டு, கம்பெனிங்க அத விளம்பரத்துக்கு தப்பா பயன்படுத்தறாங்கன்னு 2012ல எடுத்தே விட்டுட்டாங்க. அதனால நம்பர பாத்து வாங்காதீங்க.

வைட்டமின் சி: தண்ணியும் சூடும் ரெண்டுமே ஆகாது

இதுலதான் நாம நெறைய இழக்கறோம், அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட கணக்குப்படி தினமும் ஆம்பளைக்கு 80 மில்லிகிராம், பொம்பளைக்கு 65 மில்லிகிராம் வேணும். உடம்பு இத பெருசா சேத்து வெச்சுக்காது, இன்னைக்கு நெறைய சாப்பிட்டா மிச்சம் சிறுநீர்ல போயிடும், அதனால தினமும் கொஞ்சம் போகணும். பெரிய நெல்லிக்காய்ல 100 கிராமுக்கு 250 மில்லிகிராமாவது இருக்கும், பழைய பட்டியல்ல 600ன்னு கூட போட்டிருப்பாங்க, எதுவா இருந்தாலும் நல்ல பெருசா ஒரே ஒரு நெல்லிக்காய்ல அன்னைக்கு தேவை ஏறக்குறைய முடிஞ்சிடும். கொய்யாவும் அப்படித்தான், 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் பக்கம், ஆரஞ்சு அதுல கால்வாசி கூட தேறுமான்னு சந்தேகம், விலையோ தலைகீழ்.

நெல்லிக்காய எப்படி சாப்பிடறதுன்னா, பச்சையா உப்பு தொட்டு கடிக்க முடிஞ்சா அதுதான் பெஸ்ட். பல்லு கூசுதுன்னா கொட்டை எடுத்து பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை வெச்சு அரைச்சு மோர்ல கலக்கி உடனே குடிங்க, இல்ல தேங்காயோட அரைச்சு தயிர்ல சேத்து பச்சடியா வெச்சுக்கங்க. தேன் நெல்லி, ஊறுகாய் எல்லாம் ருசிக்கு ஓகே, ஆனா சர்க்கரையும் உப்பும் கூடவே வருது, அத மருந்துன்னு நெனச்சு சாப்பிட வேணாம்.

எலுமிச்சம்பழம் பிழியறதுல ஒரே ரூல்தான், அடுப்ப அணைச்சு கொஞ்சம் ஆறுனதுக்கு அப்புறம் பிழியுங்க. எலுமிச்சை சாதமா இருந்தாலும் சரி எலுமிச்சை ரசமா இருந்தாலும் சரி, கொதிக்கும்போது ஊத்துனா கசக்கவும் செய்யும், சத்தும் போகும்.

கீரை, காய் ரெண்டையும் மொதல்ல கழுவுங்க, அப்புறம் வெட்டுங்க. வெட்டிட்டு தண்ணியில ஊற வெச்சா வைட்டமின் சி தண்ணியோட போயிடும். ராத்திரியே வெட்டி ஃப்ரிட்ஜ்ல வெக்கறது வேலைக்குப் போறவங்களுக்கு வேற வழியில்ல, அத நான் குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா வெக்கும்போது பொடிசா வெட்டாம பெரிய துண்டா, மூடி போட்ட டப்பாவுல வெச்சா இழப்பு கம்மி. வேக வெச்ச தண்ணிய வடிச்சுக் கொட்டற பழக்கம் இருந்தா அத இன்னைக்கே விடுங்க, அந்த தண்ணி சாம்பாருக்கோ ரசத்துக்கோ போகட்டும், இல்லன்னா தண்ணி தெளிச்சு மூடி போட்டு வேக வெச்சா வடிக்க வேண்டிய அவசியமே வராது.

எண்ணெய் இருந்தாதான் உள்ள போகும் சங்கதிங்க

மஞ்சளும் ஆரஞ்சும் கரும்பச்சையும் இருக்கற காய்கள்ல பீட்டா கரோட்டின், லூட்டின்னு நிறம் குடுக்கற பொருளுங்க எல்லாம் இருக்கும், இதுங்க கொழுப்புல கரையறது. வெறுமனே கேரட்ட கடிச்சு சாப்பிட்டா கொஞ்சம்தான் உடம்புல சேரும், எண்ணெய்ல லேசா வதக்கி சாப்பிட்டா இல்ல தேங்காய் துருவி போட்டா நல்லா சேரும். முருங்கைக்கீரைய நல்லெண்ணெய்ல சின்ன வெங்காயம், காய்ஞ்ச மிளகாய் தாளிச்சு, கீரைய போட்டு ஒரு கை தண்ணி தெளிச்சு, நிறம் மாறாம வதங்குனதும் தேங்காய்ப்பூ தூவி இறக்கறோம்ல, நம்ம பாட்டிங்க பண்ணின அதே பொரியல்தான், அதுக்கு மேல யாரும் புதுசா ஒன்னும் கண்டுபிடிக்க வேணாம். அத பருப்பு சாதத்தோட சாப்பிட்டு கூட ஒரு துண்டு எலுமிச்சை பிழிஞ்சுக்கிட்டா கீரையில இருக்கற இரும்புச்சத்தும் நல்லா சேரும்.

தக்காளியும் அப்படித்தான். அதுல இருக்கற லைக்கோபீன்ங்கற செவப்பு நிறப்பொருள் பச்சையா சாப்பிடறத விட வேக வெச்சு எண்ணெய்ல சுருள வதக்கும்போதுதான் உடம்புக்கு நல்லா கெடைக்குது. தக்காளி தொக்கு, தக்காளி குழம்பு எல்லாம் அந்த வகையில நல்ல சாப்பாடு. பரங்கிக்காய், பப்பாளி, சக்கரவள்ளிக்கிழங்கு, சீசன்ல மாம்பழம், இதெல்லாம் விலையும் அதிகம் இல்லாம கரோட்டின் குடுக்கற பொருளுங்க.

வைட்டமின் ஈக்கு நிலக்கடலையும் சூரியகாந்தி எண்ணெயும் போதும். கடலைய வேக வெச்சு அந்த செவப்பு தோலோடயே சாப்பிடுங்க, தோல்லயும் பாலிஃபீனால் நெறைய இருக்கு. பூஞ்சை பிடிச்சது, கசக்கறது, சுருங்கிப் போனது இருந்தா யோசிக்காம தூக்கிப் போட்டுடுங்க, அதுல வர்ற அஃப்ளடாக்ஸின்ங்கற நஞ்சு கல்லீரலுக்கு கெடுதல். நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காம இருக்கறதுக்கு அதுல இருக்கற செசமால் மாதிரி பொருளுங்கதான் காரணம், இட்லிப் பொடிக்கு ஒரு ஸ்பூன் ஊத்திக்கறது நல்ல பழக்கம்.

மஞ்சள், மிளகு

மஞ்சள்ல இருக்கற குர்குமின் தனியா போனா குடல்ல ரொம்ப கொஞ்சமாதான் உறிஞ்சும். 1998ல பெங்களூர்ல நடந்த ஆய்வுல 2 கிராம் குர்குமினோட 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகுல இருக்கற காரப்பொருள், சேத்து குடுத்தப்ப ரத்தத்துல சேர்ற அளவு 2000 சதவீதம் கூடுச்சுன்னு பாத்தாங்க. இத வெச்சுதான் இப்ப ஆளாளுக்கு மஞ்சள் பால்ல மிளகு போடறாங்க, போடுங்க, நல்லதுதான். ஆனா மஞ்சத்தூள்ல குர்குமின் சுமார் 3 சதவீதம்தான் இருக்கு, அந்த 2 கிராம் வேணும்னா 60 கிராமுக்கு மேல மஞ்சத்தூள் சாப்பிடணும், அது யாராலயும் முடியாது, முடியவும் கூடாது. அதனால சமையல்ல போடற மஞ்சள சமையலுக்குன்னு போடுங்க, தினசரி சாப்பாட்டுல அது ஒரு நல்ல பங்கு, அதுவே நோய குணமாக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நிறத்துக்காக லெட் குரோமேட் கலக்கற கலப்படமும் நடக்குது, ரொம்ப பளிச்சுனு இருக்கற தூள தவிர்த்து, விரலி மஞ்சள் வாங்கி காய வெச்சு மில்லுல அரைச்சு வெச்சுக்கறது பாதுகாப்பு.

நிறம் பாத்து வாங்கறது

கருப்பு, ஊதா, கருஞ்செவப்பு நிறமெல்லாம் பெரும்பாலும் ஆந்தோசயனின்ங்கற ஆன்டிஆக்ஸிடன்ட் நிறப்பொருள். நாவல்பழம், கருப்பு திராட்சை, கத்திரிக்காய் தோல், கருப்பு கவுனி அரிசி எல்லாம் அந்த கூட்டம். கவுனி அரிசிய ஊற வெச்சா தண்ணி ஊதாவா மாறுதே, அது அழுக்கு இல்ல, அதுதான் நமக்கு வேண்டிய சத்து, அதனால மொதல்லயே சட்டுனு ஒரு தடவை அலசிட்டு, ஊற வெச்ச தண்ணியிலயே வேக வெச்சுடுங்க. கத்திரிக்காய தோல் சீவாதீங்க. கேழ்வரகுலயும் மேல் தோல்லதான் பாலிஃபீனால் அதிகம், மாவ ரொம்ப மெல்லிசு சல்லடையில சலிச்சு தவிட்ட கொட்ட வேணாம். வெங்காயத்துல குவெர்செட்டின்ங்கற ஆன்டிஆக்ஸிடன்ட் வெளி அடுக்குலதான் கூட இருக்கும், உரிக்கும்போது காய்ஞ்ச தோல மட்டும் எடுங்க, ரெண்டு அடுக்கு சதைய சேத்து எடுக்காதீங்க. பூண்ட நசுக்கி ஒரு பத்து நிமிஷம் வெச்சுட்டு அப்புறம் எண்ணெய்ல போடுங்க, நசுக்குனதும்தான் அதுல அல்லிசின் உண்டாகும், உடனே சூட்டுல போட்டா அல்லிசின் உண்டாகறதுக்கு முன்னாடியே அத உண்டாக்கற என்சைம் செத்துடும்.

டீ, காபி ரெண்டுலயும் ஆன்டிஆக்ஸிடன்ட் உண்டு, பயப்படாம குடிக்கலாம். பால் சேத்தா போச்சான்னு கேக்கறாங்க, ஆய்வுங்க ரெண்டு பக்கமும் சொல்லுது, அதுக்காக கவலைப்படறத விட சர்க்கரைய கொறைங்க. சாப்பாட்டோட சேத்து குடிக்காதீங்க, இரும்புச்சத்து சேர்றத தடுக்கும், ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க, ரத்தசோகை இருக்கற பொண்ணுங்க இத கண்டிப்பா கவனிக்கணும்.

எவ்வளவு சாப்பிடணும், எத விடணும்

உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு நாளைக்கு பழமும் காயும் சேத்து கொறைஞ்சது 400 கிராம், உருளைக்கிழங்கும் மரவள்ளியும் இந்த கணக்குல வராது. நம்ம வீட்டு கணக்குல காலையில இட்லியோட தக்காளி சட்னியோ புதினா சட்னியோ, பதினோரு மணிக்கு ஒரு கொய்யா, மத்தியானம் சாம்பார்ல காய், கூட ஒரு கிண்ணம் பொரியலும் கீரையும், சாயங்காலம் வேர்க்கடலையோ சுண்டலோ, ராத்திரி காய் போட்ட கூட்டு, இவ்வளவுதான். சாதத்த ஒரு கரண்டி கொறைச்சு அந்த இடத்துல பொரியல ரெண்டு கரண்டி வெச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. எல்லா நாளும் ஒரே காய் வேணாம், வாரம் முழுக்க நிறத்த மாத்தி மாத்தி வாங்குங்க.

வெளியில இருந்து ஃப்ரீ ராடிக்கல் உள்ள வர்றத கொறைக்கலன்னா எத்தனை நெல்லிக்காய் சாப்பிட்டாலும் ஈடு கட்டாது. சிகரெட், பீடி புகை ஒரு இழுப்புலயே எக்கச்சக்கமா கொண்டு வந்து கொட்டுது, பக்கத்துல இருக்கற கொழந்தைக்கும் சேத்துதான். புகைபிடிக்கறவங்க ரத்தத்துல வைட்டமின் சி மத்தவங்கள விட சீக்கிரம் தீந்து போகும். அடுத்து எண்ணெய், திரும்பத் திரும்ப காய்ச்சுன எண்ணெய்ல கெட்ட பொருளுங்க சேந்துட்டே போகும், அது 25 சதவீதத்த தாண்டுனா பயன்படுத்தக் கூடாதுன்னு நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ ரூலே போட்டிருக்கு. வீட்டுல அளக்க முடியாது, அதனால வடை சுட்ட எண்ணெய வடிகட்டி வெச்சு ரெண்டு நாளுக்குள்ள தாளிக்க மட்டும் எடுத்துக்கங்க, மறுபடி பலகாரம் சுட வேணாம். கறுத்துப்போயி, நுரை கட்டி, பிசுபிசுன்னு இருந்தா அது ஓமப்பொடிக்கும் ஆகாது, எதுக்கும் ஆகாது. தினமும் நடக்கறது உங்க சொந்த என்சைம்கள கூட்டும். ஜிம்முக்குப் போறவங்க ஒன்னு கவனிங்க, 2009ல ஜெர்மனியில நடந்த ஒரு ஆய்வுல உடற்பயிற்சியோட வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் வைட்டமின் ஈ 400 யூனிட்டும் சாப்பிட்டவங்களுக்கு, பயிற்சியால இன்சுலின் நல்லா வேலை செய்யற பலன் கெடைக்காமலே போச்சு.

டாக்டர கேக்காம தொடக் கூடாதவங்க

கீமோவோ ரேடியேஷனோ போயிட்டு இருக்கறவங்க எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும் தானா ஆரம்பிக்கக் கூடாது, அந்த சிகிச்சைங்கள்ல சிலது ஃப்ரீ ராடிக்கல வெச்சுதான் கட்டி செல்ல கொல்லுது. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்களுக்கு வைட்டமின் ஈ அதிக டோஸ் போனா ரத்தக்கசிவு வரலாம், கீரையையும் அவங்க திடீர்னு கூட்டவோ கொறைக்கவோ வேணாம், ஒரே அளவா சாப்பிட்டா டாக்டர் அதுக்கேத்த மாதிரி டோஸ் வெச்சுடுவாரு. கிட்னி கல்லு வந்தவங்க வைட்டமின் சி 1000 மில்லிகிராம் மாத்திரை பக்கமே போகாதீங்க. கர்ப்பமா இருக்கறவங்களுக்கு வைட்டமின் ஏ அதிக டோஸ் கொழந்தைக்கு ஆபத்து. குர்குமின் கேப்ஸ்யூல்னு விக்கறத சாப்பிட்டு கல்லீரல் பாதிச்சவங்க பல நாட்டுலயும் இருக்காங்க, அதுலயும் மிளகுச்சாறு சேத்து உறிஞ்சற அளவ கூட்டின வகை, சமையல்ல போடற மஞ்சளுக்கு இந்த பயம் தேவையில்ல.

மாத்திரையால உண்மையாவே பலன் இருக்கற ஒரு இடமும் இருக்கு, அத மறைக்கக் கூடாது. வயசானவங்களுக்கு விழித்திரையோட நடுப்பகுதி தேய்ஞ்சு பார்வை போற நோய் இருக்குல்ல, அது நடுத்தர நிலையில இருக்கும்போது வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம் சேந்த ஒரு குறிப்பிட்ட கலவை, நோய் முத்தற வாய்ப்ப சுமார் 25 சதவீதம் கொறைக்குதுன்னு அமெரிக்காவுல பெரிய ஆய்வுல பாத்திருக்காங்க. அதுல மொதல்ல பீட்டா கரோட்டினும் இருந்தது, சிகரெட் பிடிச்சவங்களுக்கு ஆகாதுங்கறதால அதுக்கு பதிலா லூட்டினும் ஜியாஸாந்தினும் போட்டு பாத்து 2013ல வெளியிட்டாங்க. வீட்டுல அப்பா அம்மாவுக்கு நேர் கோடு வளைஞ்சு தெரியுது, நடுவுல மங்கலா இருக்குன்னு சொன்னா கடையில போயி கண்ணு மாத்திரை கேக்காம நேரா கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, அவரு விழித்திரைய பாத்துட்டு எந்த நிலைன்னு சொன்னாதான் அந்த கலவை வேணுமா, இல்ல ஊசி வேணுமான்னு தெரியும்.